பால் கொண்டுபோன பொடியன்



புத்தூரில் நடந்த எங்கள் மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாய், மூத்த மகனைப் படிப்பிலிருந்து மறிக்கப்போவதாகச் சொன்னார். கணவர் இல்லை. இரண்டு மாடுகள்தான் சீவியம். விடிய எழும்பிக் கறந்து, பாலை நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பிள்ளை. "ரண்டையும் அவனாலை பாக்க ஏலாது பிள்ளை" என்றார்.

எனக்கு ராஜேஷ் பைலட்டின் நினைவு வந்தது. இந்திய விமானப்படையில் விமானியாக இருந்து அமைச்சரானவர் என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த வயதான அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொம்மர் ஓட்டினவன்ரை கதையோ எங்களுக்கு?"

அவரில் பிழையில்லை. சகடையின் இரைச்சல் கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையை விட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடிய பிள்ளைதான் நானும். என்றாலும் சொல்லி முடித்தேன்.

1945இல் உத்தரப் பிரதேசத்தில் பைத்புரா என்னும் கிராமத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் ராஜேஷ்வர் பிரசாத். சிறுவயதில் டில்லிக்கு வந்து, பால் வியாபாரம் செய்த ஒன்றுவிட்ட சகோதரருடன் தங்கினார். மந்திரிமார் குடியிருந்த பங்களாக்களுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே படித்தார். 1966 ஒக்டோபரில் விமானப்படை அதிகாரியானார். 1979இல் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, அடுத்த வருடமே ராஜஸ்தானின் பரத்பூரில் வென்று நாடாளுமன்றம் போனார். விமானி என்ற தொழிலே அவருக்குப் பெயராயிற்று. பால் கொடுத்த அதே பகுதியில் பின்னர் அமைச்சராகக் குடியிருந்தார்.

அரசியலில் அவர் பேசாமல் இருந்தவர் அல்லர். 1995இல் உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனித்த இராஜாங்க அமைச்சராக இருந்தபோது, செல்வாக்குமிக்க சாமியாரான சந்திராசுவாமியைக் கைதுசெய்யச் சொன்னார். சில நாட்களிலேயே அந்தப் பொறுப்பு பறிபோய்ச் சுற்றாடல் அமைச்சு கைக்கு வந்தது. 1997இல் காங்கிரஸ் தலைவர் பதவிக்கு சீதாராம் கேசரியை எதிர்த்து நின்று தோற்றார். 2000 ஜூன் 11இல் வீதி விபத்தில் இறந்தபோது வயது 55.

அந்த அம்மாவின் கேள்விக்கும் மறுமொழி சொல்லத்தானே வேண்டும்? 1966 மார்ச் 5இல் இந்திய விமானப்படை மிசோ மலைகளின் ஐஸ்வால் நகரில், தன் சொந்தக் குடிமக்கள் மீதே குண்டு போட்டது. அந்த விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் ராஜேஷ் பைலட் என்று 2023இல் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுதினார். மகன் சச்சின் பைலட், தகப்பனின் நியமனப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த திகதி 1966 ஒக்டோபர் 29. குண்டு விழுந்து ஏழு மாதத்துக்குப் பிறகு! ஆனால் தகப்பன் குண்டே போடவில்லை என்று மகன் சொல்லவில்லை. 1971 போரில் கிழக்குப் பாகிஸ்தானில் போட்டார் என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனாலும், கீழே பங்கரில் இருந்தவளுக்கு அது எந்த நாட்டு விமானமாக இருந்தால் என்ன?

மனைவி ரமா பைலட்டைப் பற்றிச் சொன்னபோது பெண்கள் இன்னும் கவனமாகக் கேட்டார்கள். கணவர் இறந்த அதே வருடம் இடைத்தேர்தலில் தௌசா தொகுதியில் நின்று வென்றார். 1960இல் எங்கள் ஸ்ரீமாவோ அம்மையார் வந்த வழியும் இதுதான். கணவன் செத்தால்தான் பெண்ணுக்குக் கதிரையா என்ற எரிச்சல் எனக்கு உண்டு. 2004இல் அந்த இடம் 26 வயது மகனுக்குப் போனது. பால்காரப் பொடியன் முட்டி மோதித் திறந்த கதவு, மகனுக்குத் திறந்தபடியே இருந்தது.

கதை முடிந்ததும் அந்தத் தாய் கேட்டார்: "அவருக்கு டில்லியிலை ஒரு சொந்தக்காரன் இருந்தான். என்ரை பிள்ளைக்கு ஆர்?"

என்னிடம் பதில் இல்லை. சமூகவியல் புத்தகங்களில் படித்த எதுவும் அந்த இடத்தில் வாயில் வரவில்லை.

முகத்தைத் திருப்பிய அம்மாதான் பேசினார். "என்ரை வீட்டுப் பாலையும் நான்தானே கொண்டுபோறனான். உன்ரை கானையும் தா. பெடியன் சோதினை எடுக்கட்டும்."

இப்போது இரண்டு கான்களும் அவருடைய சைக்கிளில் போகின்றன. மாடு கறக்கத் தாயே பழகிவிட்டார். பொடியன் காலை வகுப்புக்குப் போகிறான். கணிதத்தில்தான் கொஞ்சம் பின்னுக்கு நிற்கிறானாம். சனிக்கிழமைகளில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.