மாதவியின் ஈரணி

கோடை பிறந்துவிட்டால் வார இதழ்களின் இணைப்புகளில் தவறாமல் வரும் கட்டுரை ஒன்று உண்டு. பருமனான உடலுக்கு எந்த நீச்சலுடை எடுப்பாக இருக்கும், மெலிந்த உடலுக்கு எது, மாநிறத்துக்கு எந்த வண்ணம் பொருந்தும். கூடவே மாலத்தீவுக்கோ அந்தமானுக்கோ நான்கு நாள் பயணத் திட்டம். இலக்கிய வாசகர்கள் இதைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். புரட்ட வேண்டாம் என்பது என் கட்சி. நம் பழைய இலக்கியம் அக்கறையோடு பேசிய விஷயம் இது.

பரிபாடலின் வையைப் பாடல்களில் 'ஈரணி' என்றொரு சொல் வருகிறது. நீராடும்போது மகளிர் உடுக்கும் ஆடையும் பூணும் அணியும் என்பது பொருள். புதுவெள்ளம் வந்த செய்தி கேட்டு, புணைகளையும் நீர் பீச்சும் சிவிறிகளையும் எடுத்துக்கொண்டு மதுரை மக்கள் ஆற்றுக்கு விரையும் பாடல்கள் அவை. நீரில் இறங்குவதற்கென்று தனி உடை. அந்த உடைக்கென்று தனிப் பெயர். நீச்சலுடை என்ற சொல்லைக் குரல் தாழ்த்திச் சொல்கிற நம்மிடம், அதைவிட அழகான ஒரு சொல் இருந்திருக்கிறது. அகராதியில் இன்றும் இருக்கிறது, உடுப்பாரில்லாமல்.

கடற்கரைக்குக் கிளம்புவதற்கான ஆயத்தங்களை விரிவாகச் சொல்லும் பகுதி சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி தன் கூந்தலைக் கழுவி, அகிற்புகையில் உலர்த்துகிறாள். கால் விரலிலிருந்து உச்சி வரை அணிகலன்கள். இடையில் பூந்துகில், அதன்மேல் முப்பத்திரண்டு வடம் கோத்த முத்து மேகலை. இவ்வளவும் எதற்கு? ஊடியிருந்த கோவலன் மகிழ்வதற்கு. பிறகு அவன் கோவேறு கழுதையிலும் இவள் வண்டியிலும் ஏறிக் கடற்கரைக்குப் போகிறார்கள். போய்? புன்னை நிழலில் திரை கட்டி, விதானம் போட்டு, வெண்கால் கட்டிலில் அமர்ந்து யாழை மீட்டுகிறார்கள். மாதவி விரும்பியதே கடல் விளையாட்டைக் காண்பதற்குத்தான். அவள் ஓர் அலையில் கால் நனைத்ததாகக்கூட இளங்கோ சொல்லவில்லை.

கண்ணகியின் கதை இன்னும் சுருக்கம். கடலருகே உள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் பிரிந்த கணவனோடு சேரலாம் என்று தேவந்தி சொல்கிறாள். அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆக, ஒருத்தி பிறர் கண்ணுக்காக உடுத்திக் கரையில் உட்கார்ந்தாள்; மற்றவள் மானத்துக்காக வீட்டில் உட்கார்ந்தாள். நீர் இருவருக்குமே கிடைக்கவில்லை. தமிழ்ப் பெண்ணுக்கும் நீருக்குமான உறவை இந்தப் பங்கீடுதான் இன்றும் ஆள்கிறது என்பது என் எண்ணம். நம் திரைப்படங்கள் நெடுங்காலம் நீச்சலுடையைக் கவர்ச்சி நடிகைக்கு ஒதுக்கிவிட்டு, கதாநாயகியைச் சேலையோடு மழையில் நனைத்ததும் இதே கணக்கில்தான்.

ஓமந்தூரிலிருந்து எழுதும்போது இவ்வூர் ராமசாமி ரெட்டியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வர் (அன்றைய வழக்கில் பிரதமர்). பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்த சட்டம் அவர் ஆட்சியில், 1947இல் வந்தது. மாதவியின் வழிவந்தவர்களைப் பிறப்பால் ஒதுக்கிவைத்த ஏற்பாட்டைச் சட்டம் முடித்துவைத்தது. ஆனால் அலங்கரித்துக்கொள்பவள் மாதவி, அடக்கிக்கொள்பவள் கண்ணகி என்று ஆடையைப் பார்த்துத் தரம் பிரிக்கும் கண்ணை எந்தச் சட்டம் என்ன செய்யும்?

இங்கிருந்து மரக்காணமும் புதுச்சேரியும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். மே மாத விடுமுறையில் வேன் பிடித்துப் போகும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறேன். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு நீருக்குள் இருப்பார்கள். பெண்கள் முழங்காலளவு நீரில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பி, பர்ஸ், கைபேசி, பிள்ளைகளின் செருப்பு ஆகியவற்றுக்குக் காவல் இருப்பார்கள். விடுதி நீச்சல்குளத்துக்குப் போனால் அங்கே வேறு சிக்கல்: பருத்தி உடைக்கு அனுமதியில்லை, நீச்சலுடை கட்டாயம் என்று பலகை தொங்கும். கடற்கரையில் அதே உடையை அணிந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். பலகைக்கும் பார்வைக்கும் நடுவே மிஞ்சுவது கரைதான்.

கரை பாதுகாப்பான இடமென்றும் சொல்வதற்கில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்கள் என்று தரும் கணக்கு: பெண்கள் 391, ஆண்கள் 146. மீன் வாங்கப் பெண்கள் கரையில் காத்திருந்ததும், ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்ததும் முக்கியக் காரணங்கள். இலங்கையைப் பற்றிப் பேசும்போது அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கற்றுத்தரப்பட்டது. அப்படிப்பட்ட அலையின்முன் நீச்சல் எந்த அளவுக்கு உதவும் என்று கேட்கலாம்; நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவர்களில் சிறுமிகள் எத்தனை பேர் என்று நானும் கேட்பேன்.

ஆகவே நீச்சலுடையைப் பற்றி இனி வெளிப்படையாகப் பேசலாம். பருத்தி நீரைக் குடித்துக் கனக்கும். நைட்டியும் சேலையும் காலைச் சுற்றும். துப்பட்டா கழுத்தைச் சுற்றும். நைலான் அல்லது பாலியெஸ்டரோடு மீள் இழை கலந்த துணி உடம்போடு ஒட்டி நிற்கும், விரைவில் உலரும். முழங்கை வரை, முழங்கால் வரை மூடும் உடைகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கடலுக்கு நீலமும் சாம்பல் நிறமும் வேண்டாம். நீரின் நிறத்தில் ஆள் மறைந்துபோவார். ஆரஞ்சும் கிளிப்பச்சையும் தொலைவிலிருந்தே தெரியும். எடுப்பு என்பதற்கு என் அளவுகோல் எளிது: இறங்கிய பிறகு இழுத்து இழுத்து விட வேண்டியிராத உடையே எடுப்பானது. அதற்கு மேல் பூப்போட்டது வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும். ஈரணியிலும் பூந்துகில் இருந்தது.

மூடியது உயர்வு என்றோ திறந்தது முன்னேற்றம் என்றோ நான் சொல்ல வரவில்லை. 2016 ஆகஸ்டில் பிரான்சின் நீஸ் கடற்கரையில் மேலங்கி அணிந்திருந்த ஒரு பெண்ணைச் சுற்றி ஆயுதம் தாங்கிய காவலர்கள் நிற்க, அவர் அதைக் கழற்றும் படங்கள் உலகெங்கும் பரவின. அதே மாதம் 26ஆம் தேதி அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இப்படியான தடையொன்றை நிறுத்திவைத்தது. அங்கே கழற்றச் சொன்னார்கள், இங்கே போர்த்தச் சொல்கிறார்கள்; இரண்டிலும் உடுத்தியவளை யாரும் கேட்கவில்லை.

தீவுப் பயணத்துக்கு வருகிறேன். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே மக்கள் வாழும் ஊர்களில் கடற்கரை உடையோடு திரிவது முறையன்று. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து விமானம் உண்டு, மே இறுதியில் மழை தொடங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். தீவு என்றால் சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியை மட்டுமே பார்த்திருக்கும் எங்களூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பாறு போதும். புதுச்சேரிக்குத் தெற்கே படகுத்துறையில் ஏறினால், ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். பாரடைஸ் கடற்கரை என்று பெயர். முகத்துவாரத்து நீரோட்டம் பொல்லாதது, நீந்தத் தெரிந்தவர்களும் இடுப்பளவைத் தாண்ட வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. மாற்றுடை இரண்டு, குடிநீர், உப்பு போக உடையை அலசுவதற்கு ஒரு குடம் நல்ல தண்ணீர். செருப்புகளுக்கும் கைபேசிகளுக்கும் இம்முறை ஆண்கள் காவல் இருக்கட்டும்.