மூணாம் நம்பர் சிலிண்டர்!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து டீம் போடுவீங்க இல்லையா? அதுல ஒருத்தன் லைப்ரரிக்குப் போவான். ஒருத்தன் ஜெராக்ஸ் கடைக்குப் போவான். ஒருத்தன் வைவா அன்னிக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில ஜம்முன்னு வந்து நிப்பான். மிச்சமிருக்கிற ஒருத்தன்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டி வேலையை முடிப்பான். ஆனா மார்க் நாலு பேருக்கும் ஒண்ணுதான்!

இந்த வார ஹீரோ அந்த நாலாவது ஆள் மாதிரி ஒருத்தர். பேரு, மூணாம் நம்பர் சிலிண்டர். இருந்த இடம், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட பின்பக்கம். ஆமா பாஸ், அந்த ஆமை ஓடு மாதிரி கார்தான். அதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்தா பெட்டி வைக்கிற இடம்தான் இருக்கும். எஞ்சின் பின்னாடி!

படுத்தே ஜெயித்த எஞ்சின்

சாதாரண நாலு சிலிண்டர் எஞ்சின்ல சிலிண்டர்கள் ரேஷன் கடை க்யூ மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். பீட்டில் எஞ்சினில் அப்படி இல்லை. நடுவில் கிராங்க் ஷாஃப்ட். அதுக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று சிலிண்டர்கள் தரையோட தரையாகப் படுத்திருக்கும். இதுதான் 'ஃபிளாட் ஃபோர்'. எதிரெதிரே இருக்கிற ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். குத்துச்சண்டை வீரர் ரெண்டு கையுறையையும் மோதிக்கிற மாதிரி இருப்பதால் 'பாக்ஸர்' என்றும் பேர் வந்தது.

இதில் என்ன லாபம்? ஒரு பிஸ்டன் இடப்பக்கம் உதைக்கும்போது இன்னொன்று வலப்பக்கம் உதைக்கிறது. ரெண்டு உதையும் கழிஞ்சு போய்டும். அதிர்வு குறைவு. உயரமும் குறைவு. நீளமும் குறைவு. காரின் வாலில் மடக்கி வைக்க இதைவிட வசதியான எஞ்சின் கிடையாது.

ஆனால் இந்த டிசைனை முதலில் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் அழகு இல்லை... காசு!

ஆயிரம் மார்க்குக்குள் ஒரு கார்

1934-ம் வருஷம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி. சாதாரண ஜனங்களுக்கு ஒரு கார் வேண்டும், அதுவும் ஆயிரம் மார்க்குக்குள் வேண்டும் என்று உத்தரவு. டிசைன் செய்யும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கு வந்தது. நிபந்தனைகள் ஒரு லிஸ்ட்டே இருந்தது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகணும். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. முக்கியமாக, தண்ணீர் ஊற்றும் வேலையே கூடாது. ஏன்னா அங்கே குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறைஞ்சு போகும். காரை உள்ளே விட சாதாரண ஜனங்ககிட்ட ஷெட்டும் கிடையாது. ஸோ, காற்றில் குளிரும் எஞ்சின்தான் வேணும்.

போர்ஷே டீம் விலை குறைக்கிறேன் பேர்வழி என்று ரெண்டு சிலிண்டர் எஞ்சின், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்று என்னென்னவோ முயற்சி செய்து பார்த்தது. எதுவும் சரியா வரல. அப்போதான் அந்த டீமில் இருந்த ஃபிரான்ஸ் ரைம்ஸ்பீஸ் என்ற ஆஸ்திரியாக்காரர் ஒரு ஃபிளாட் ஃபோர் வரைந்து காட்டினார். கணக்குப் போட்டுப் பார்த்தால், ரெண்டு சிலிண்டர் எஞ்சினைவிட இது மலிவு! 985 சி.சி., 23 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே.

எப்படி மலிவு? எட்டு வால்வுகளைத் திறக்க சாதாரணமாக கேம் ஷாஃப்டில் எட்டு மேடு வேணும். இவங்க நாலே நாலு மேடு வெச்சாங்க. ஒரே மேடு இந்தப் பக்க வால்வையும் தள்ளும், சுத்தி வந்து அந்தப் பக்க வால்வையும் தள்ளும். எதிரெதிரே சிலிண்டர் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். கேம் ஷாஃப்டை ஓட்ட செயின் கிடையாது, நேரா பல் சக்கரம். ரேடியேட்டர் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை, ரப்பர் ஹோஸ் இல்லை. ஆயில் ஃபில்டருக்குப் பதில் ஒரு கம்பி வலை. எஞ்சினை கியர்பாக்ஸோடு பிடித்திருந்தது நாலே போல்ட்!

உங்க வீட்டு பைக் எஞ்சினைச் சுத்தி வரிவரியா தகடு இருக்கே, அதே தகடுகள்தான் இந்த சிலிண்டர்களிலும். பைக் ஓடும்போது எதிர்க்காற்று தானா வந்து அடிக்கும். கார் வாலில் ஒளிஞ்சிருக்கிற எஞ்சினுக்குக் காற்று எங்கே போகும்? அதனால் ஒரு பெரிய ஃபேன். டைனமோவின் அச்சிலேயே அதை மாட்டிவிட்டார்கள். ஒரே பெல்ட் ரெண்டையும் ஓட்டும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் நின்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். மற்ற கார்களில் 'பேட்டரி இறங்கப் போகுது' என்று அர்த்தம். பீட்டிலில் 'உடனே நிறுத்து, எஞ்சின் வேகப் போகுது' என்று அர்த்தம்!

பில் கட்டியது யார்?

இங்கே ஒரு கசப்பான மேட்டர் சொல்லியே ஆகணும். இந்தக் காருக்காக ஜெர்மனியில் சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் வாராவாரம் ஸ்டாம்ப் வாங்கி ஒட்டி சேமித்தார்கள். அதில் ஒருத்தருக்குக்கூட அந்தத் திட்டத்தில் கார் வரவில்லை. 1939-ல் யுத்தம் வந்தது. இதே எஞ்சின் ராணுவ ஜீப் மாதிரியான வண்டிகளுக்குப் போனது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான அடிமைத் தொழிலாளிகள், வதை முகாம் கைதிகள் உட்பட, கட்டாயமாக வேலை வாங்கப்பட்டார்கள். விலை குறைந்த கார்னு நாம சொல்றோம். விலையை வேற யாரோ கொடுத்திருக்காங்க.

1945-ல் யுத்தம் முடிந்து தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கைக்கு வந்தது. பாதி இடிந்து கிடந்த அந்த இடத்தில் இவான் ஹர்ஸ்ட் என்ற மேஜர் மறுபடி கார் தயாரிக்க வைத்தார். 1948-ல் ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப் பொறுப்புக்கு வந்தார். அவருடைய பாலிசி ரொம்ப சிம்பிள். காரின் உருவத்தை மாத்தாதே, உள்ளே இருக்கிற குறைகளை ஒவ்வொண்ணா தேடிப் பிடி!

ஒரு குட்டிக் கணக்கு

பேனாவை எடுங்க. (கால்குலேட்டர் இருந்தாலும் ஓகே!) சிலிண்டர் விட்டம் 75 மில்லிமீட்டர், பிஸ்டன் போய் வரும் தூரம் 64 மில்லிமீட்டர், நாலு சிலிண்டர். பெருக்கினால் 1131 சி.சி. வரும். யுத்த காலத்தில் வந்த அளவு இது. 25 குதிரைத்திறன். விட்டத்தை 77 ஆக்கினால் 1192. இது 1954 மாடலுக்கு வந்தது, 30 குதிரைத்திறன். 1960-ல் சி.சி.யைத் தொடாமலே எஞ்சினைப் புதுசாக வரைந்து 34 ஆக்கினார்கள். அப்புறம் பிஸ்டன் தூரத்தை 69 ஆக்கினார்கள், 1285 சி.சி. விட்டம் 83, அது 1493. விட்டம் 85.5, அது 1584. 1970-ல் இந்தக் கடைசி அளவு 50 குதிரைத்திறன் கொடுத்தது.

பார்த்தீங்களா? அடிப்படை வரைபடம் அதேதான். அதே எஞ்சினின் சொந்தக்காரங்களும் பெருகிட்டாங்க. 1948-ல் போர்ஷே பேரிலேயே வந்த முதல் கார், 356, இந்த எஞ்சினைத் தட்டிக் கொட்டித்தான் ஓடியது. வேனுக்குப் போச்சு. வீட்டிலேயே குட்டி விமானம் செய்கிற ஆசாமிகளுக்குப் போச்சு. 1961-ல் ஃபேனை இடம் மாத்தி எஞ்சினையே தோசை மாதிரி தட்டையாக்கி, மேலே ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் பிடிச்சாங்க.

ஆனா ஒண்ணு. 985 சி.சி.க்குப் போட்ட வரைபடத்தில் 1584 சி.சி.யை ஓட்டினால், சூடும் அதுக்கேத்த மாதிரி ஏறத்தானே செய்யும்? அந்தச் சூடு யார் தலையில் விடிஞ்சுது தெரியுமா?

நம்ம ஹீரோ என்ட்ரி

காற்றில் குளிரும் எஞ்சினில் பாதி வேலையை ஆயில்தான் செய்யும். உள்ளே இருக்கிற சூட்டை அதுதான் சுமந்து கொண்டுவரும். அந்த ஆயிலைக் குளிர வைக்க ஒரு குட்டி ஆயில் கூலர். அதை எங்கே வைப்பது? இருக்கவே இருக்கு ஃபேன். அந்தக் காற்றுப் பாதையிலேயே, இடப்பக்கம், நட்டு வைத்துவிட்டார்கள். தனி ஃபேன் வேண்டாம், தனிப் பைப் வேண்டாம். செலவு மிச்சம். பிரமாதமான ஐடியா!

ஆனா அந்தக் கூலருக்குக் கீழேதான் மூணாம் நம்பர் சிலிண்டர் படுத்திருந்தது. மத்த சிலிண்டர்களுக்கெல்லாம் ஜிலுஜிலுன்னு காற்று. இவருக்கு மட்டும் கூலர் மறைத்தது போக மிச்சக் காற்று. அதுவும் ஆயில் சூட்டில் ஏற்கெனவே வெந்த காற்று. ஜன்னல் பக்கம் சீட் கிடைச்சும் பக்கத்தில் ஒருத்தர் முழுசா மறைச்சுக்கிட்டு உட்கார்ந்த கதை.

விளைவு? நீண்ட தூரம் விரட்டினால் மூணாம் நம்பர் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மத்ததைவிட சீக்கிரம் பழுக்கும். நீளும். ஒருநாள் வால்வின் தலை ஒடிந்து பிஸ்டன் மேலேயே விழும். கதை முடிஞ்சுது. பீட்டில் எஞ்சினைப் பிரிக்கிற மெக்கானிக் முதலில் பார்க்கிறது மூணாம் நம்பரைத்தான்.

கம்பெனி என்ன செய்தது? முதலில் ஒரு ஒட்டு வேலை. தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரில், மூணாம் நம்பருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமா வர்ற மாதிரி செதுக்கினார்கள். சூடான சிலிண்டரில் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. 'உனக்கு உடம்பு சரியில்லை, நீ கொஞ்சம் லேட்டா வா' என்று சலுகை கொடுத்த மாதிரி! நோய் அப்படியேதான் இருந்தது. வலி மட்டும் குறைஞ்சுது.

நிஜமான வைத்தியம் 1971 மாடலில் வந்தது. ஆயில் கூலரைக் காற்றுப் பாதையில் இருந்து தூக்கி, பக்கத்தில் தனியாக ஒரு கூடு கட்டி அதுக்குள் வைத்தார்கள். ஃபேனை அகலமாக்கினார்கள். கூலரின் சூடான காற்று தனி வழியில் வெளியே போனது. அந்தக் கூட்டுக்கு மெக்கானிக்குகள் வைத்த பேர் 'நாய்க்கூண்டு'. ஒரு தகரக் கூடு, அவ்வளவுதான். ஆனா மூணாம் நம்பருக்கு மத்தவங்க மாதிரி காற்று வர முப்பது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு!

முதல் பலமே கடைசி பலவீனம்

இதுக்கப்புறம் எஞ்சின் சாகாவரம் வாங்கிடுச்சுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வந்தது. 1967-லேயே இந்தக் குடும்பத்தின் ஒரு எஞ்சினுக்கு எலெக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போட்டுப் பார்த்தார்கள். கார்புரேட்டர் காலத்தில் அது பெரிய சாதனை. ஆனால் காற்றில் குளிரும் எஞ்சினின் சூடு வெயில், மழை, மேடு, பள்ளத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். தண்ணீர் இருந்தால் ஒரே அளவில் பிடித்து வைக்கலாம். சூடு நிலையா இல்லைன்னா புகையையும் கட்டுப்படுத்துறது கஷ்டம். தண்ணீர் உறை இல்லாததால் சத்தமும் அதிகம். 'தண்ணீரே வேண்டாம்' என்பது 1934-ல் இதன் பலம். நாற்பது வருஷத்தில் அதுவே பலவீனம்.

1974-ல் அதே கம்பெனி முன்பக்கம் எஞ்சின், தண்ணீர்க் குளிர்ச்சி என்று கோல்ஃப் காரைக் கொண்டுவந்தது. 1982-ல் வேனுக்கான ஃபிளாட் ஃபோருக்கே தண்ணீர் ஊற்றினார்கள்! மெக்ஸிகோவில் கடைசி பீட்டில் 2003 ஜூலை 30 அன்று வெளியே வந்தது. அதோடு மொத்தம் 2,15,29,464 கார்கள். பிரேசிலில் கோம்பி வேனில் காற்றில் குளிரும் எஞ்சின் 2005 கடைசி வரை ஓடியது. அத்தோடு இந்தக் கதைக்கு முற்றும்.

நாளைக்கு நீங்களும் எதையாவது டிசைன் பண்ணுவீங்க. எஞ்சினா இருக்கலாம், சாஃப்ட்வேரா இருக்கலாம், கல்சுரல்ஸ் வேலைப் பங்கீடா இருக்கலாம். ஒரு பொருளை மிச்சம் பிடிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்க. இந்த மிச்சத்தோட சூடு யார் மேல இறங்குது? பதில் கிடைச்சதும் 'நீ கொஞ்சம் லேட்டா வா'ன்னு ஒட்டு வேலை பண்ணாதீங்க. கூலரை நகர்த்துங்க.

அப்படியே அந்த புராஜெக்ட் டீம்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கானே, அவனுக்கு இன்னிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க. முடிஞ்சா, ரெண்டு சாப்டரை நீங்க எழுதிக் கொடுங்க!

அடுத்த வாரம் வேற ஒரு மெஷினோட சந்திப்போம்.