ஆட்டக்களத்திலிருந்து சட்டசபைக்கு

பந்தாட்டத்திலும் மல்யுத்தத்திலும் பேரெடுத்தவர்கள் ராஜீய அரங்கில் பிரவேசிப்பது உலகத்தில் புதிய வழக்கமன்று. அமெரிக்காவில் கூடைப்பந்தாட்டத்தில் கீர்த்தி பெற்ற பில் பிராட்லி 1979 முதல் 1997 வரையில் செனட் சபையில் அங்கம் வகித்தார். கால்பந்தாட்டத்தில் உலக வீரராக விளங்கிய ஜார்ஜ் வியா 2018-இல் லைபீரியாவின் ஜனாதிபதியானார். 2023 தேர்தலில் தோற்றதும் மரியாதையாக விலகிக்கொண்டார். நம் தேசத்திலும் 2024-ஆம் வருஷத்தில் மட்டும் கிரிக்கெட் வீரர் யூசுப் பதான் வங்காளத்தின் பஹரம்பூரிலிருந்து பார்லிமெண்டுக்கும், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் ஹரியானாவின் ஜுலானாவிலிருந்து சட்டசபைக்கும் தெரிந்தெடுக்கப்பட்டனர். எல்லோருக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. கால்பந்தாட்ட வீரர் பைச்சுங் பூட்டியா, இந்தியா முழுவதும் அறிந்த பெயரை வைத்துக்கொண்டும், தேர்தலுக்குத் தேர்தல் தோல்வியையே கண்டார்.

இதனால் விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வரலாகாது என்று சொல்வார் சிலர். அவர்கள் வந்தால்தான் அரசியல் சுத்தமாகும் என்பார் வேறு சிலர். இரண்டு கட்சியாரும் வீண் வாதம் செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். வக்கீலும் மிராசுதாரும் வரலாமென்றால் பந்து வீசுகிறவரும் வரலாம். வருகிறவர் எவருடைய பலத்தில் வருகிறார், எந்தக் காரியத்துக்காக வருகிறார், வந்தபின் எவருக்குப் பதில் சொல்வார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இக்கேள்வியை விழுப்புரம், திண்டிவனம் வாசகர்கள் மற்றவர்களைவிட ஊன்றிக் கேட்கவேண்டும். அதற்கு விசேஷ காரணம் உண்டு.

முன்னே தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பகுதிக்குக் கீர்த்தியின் ருசி தெரியும். நடிகர் சிவாஜி கணேசன் 1928-இல் பிறந்த ஊர் விழுப்புரம். தேசமே போற்றிய அந்த மகா நடிகர் சொந்தக் கட்சி தொடங்கி, 1989-இல் திருவையாற்றில் நின்று தோற்றார். இந்த ஜில்லாவோடு சேர்ந்திருந்த ரிஷிவந்தியத்திலிருந்து 2011-இல் விஜயகாந்த் சட்டசபைக்குச் சென்று எதிர்க்கட்சித் தலைவரானார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில், 2024 அக்டோபர் 27-ஆந் தேதி நடிகர் விஜய் தமது கட்சியின் முதல் மகாநாட்டைப் பெருங்கூட்டத்துடன் நடத்தினார். பேர் பெற்றவரைப் பார்க்க ஜனங்கள் கூடுவது இயற்கை. பார்க்கக் கூடியவர்களெல்லாம் வோட்டுப் போடுவார்கள் என்பதுமில்லை. வோட்டுப் போட்டவர்களுக்கெல்லாம் பயன் கிட்டும் என்பதுமில்லை.

இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. வெகுகாலம் திண்டிவனத்தின் பெயரால் வழங்கிவந்த பார்லிமெண்டுத் தொகுதி, 2009 தேர்தல் முதல் விழுப்புரம் என்ற பெயருடன் ஷெட்யூல்டு வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதியாக இருந்து வருகிறது. அதற்குட்பட்ட ஆறு சட்டசபைத் தொகுதிகளில் திண்டிவனமும் வானூரும் அவ்வாறே ஒதுக்கப்பட்டவை. அபேட்சகர் ஒரு வகுப்பைச் சேர்ந்தவர். வோட்டர்களோ எல்லா வகுப்பினரும். இந்த ஏற்பாட்டின் மூலம் 1932 செப்டம்பர் 24-ஆந் தேதி கையெழுத்தான பூனா ஒப்பந்தமாகும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் கிரிக்கெட் வீரர் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அவரே பல்வங்கர் பாலு. அரசியலுக்கு வந்த விளையாட்டு வீரரைப்பற்றி யோசிக்க அவருடைய சரித்திரத்தைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

பாலு தார்வாரில், தோல் தொழில் செய்யும் வகுப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுத்து, வலை கட்டி, மாதம் நான்கு ரூபாய் கூலி பெற்றார். அங்கே துரைமார்களுக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் நிகரற்ற தேர்ச்சி அடைந்தார். வெள்ளையரை ஜெயிக்க விரும்பிய பூனா ஹிந்துக்கள் அவரைத் தங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டனர். ஆனால் எப்படி? களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். அவர் எடுத்த விக்கெட்டுகளுக்குத் தீட்டு இல்லை. குடித்த குவளைக்குத் தீட்டு இருந்தது!

பிறகு அவர் பம்பாய்க்குச் சென்றார். 1906-இல் ஹிந்து கோஷ்டி ஐரோப்பியரைத் தோற்கடித்தபோது அந்த வெற்றியில் அவருடைய பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய கோஷ்டி பெரும்பாலும் தோல்வியே கண்டதாயினும், பாலு மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்து அந்நாட்டாரை வியக்கச் செய்தார். அக்காலத்தில் இளைஞராயிருந்த அம்பேத்கருக்கு அவர் ஆதர்ச புருஷர். இவ்வளவு இருந்தும் ஹிந்து கோஷ்டியின் தலைமைப் பதவி அவருக்குக் கடைசிவரையில் கிட்டவில்லை. தம்பி விட்டலுக்கு 1923-இல் அது கிடைத்தது. திறமைக்குக் கதவு திறக்க ஒரு தலைமுறை கழிந்தது.

இப்படிப்பட்ட ஒருவர் அரசியலுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை, உரிமையும் உண்டு. 1932-இல் பிரிட்டிஷ் சர்க்கார் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பார் மட்டும் வோட்டளித்துத் தங்கள் பிரதிநிதியைத் தெரிந்தெடுக்கும் தனி வாக்காளர் முறையை அத்தீர்ப்பு வழங்கியது. அதை எதிர்த்து மகாத்மா காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். பேச்சுவார்த்தையின் முடிவில் தனி வாக்காளர் முறை கைவிடப்பட்டு, தீர்ப்பு அளித்த 71 ஸ்தானங்களுக்குப் பதில் மாகாண சட்டசபைகளில் 148 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன; சென்னை மாகாணத்தின் பங்கு 30. டாக்டர் அம்பேத்கருடன் நம் நாட்டவரான எம். சி. ராஜாவும், திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் தாலூகா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும், ராஜகோபாலாச்சாரியாரும் கையெழுத்திட்டனர். பாலுவும் கையெழுத்திட்டார். கூட்டு வாக்காளர் முறையே ஹிந்து சமூகம் பிளவுபடாமல் காக்கும் என்பது அவருடைய உண்மையான நம்பிக்கை. அதைக் குறை கூற நமக்கு மனமில்லை.

ஐந்து வருஷங்களுக்குள் அந்த ஒப்பந்தத்துக்குப் பரீட்சை வந்தது. 1937-இல் பம்பாய் சட்டசபைத் தேர்தலில் டாக்டர் அம்பேத்கர் நின்றார். அவருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய அபேட்சகர் பாலுவே. பதின்மூன்றாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து வோட்டுகள் பெற்று அம்பேத்கர் வெற்றி பெற்றார். பாலுவுக்கு 11,225 வோட்டுகள். வித்தியாசம் 2,020 மாத்திரமே. ஒரு காலத்தில் தாம் போற்றிய வீரரையே வென்று அம்பேத்கர் சட்டசபை செல்ல நேர்ந்தது.

இச்சம்பவத்தை நாம் தேசிய மனப்பான்மையோடு, ஆனால் உள்ளதை மறைக்காமல் ஆராயவேண்டும். காங்கிரஸ் பாலுவைத் தேடியது எதற்காக? அவர் நீண்டகாலம் கட்சி வேலை செய்தவர் என்பதற்காகவா? தாழ்த்தப்பட்டோருக்கான திட்டம் ஏதாவது அவரிடம் இருந்தது என்பதற்காகவா? இல்லை. அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். அதே சமயம் எல்லா வகுப்பினரும் கைதட்டி ரஸித்த கிரிக்கெட் வீரர். சகல வகுப்பினரின் வோட்டும் வேண்டிய ஸ்தானத்தில், தன் வகுப்பாரின் வலிமையான குரலை எதிர்க்க, எல்லோருக்கும் இனிய ஒரு பெயர் தேவைப்பட்டது. அந்தப் பெயரைக் கட்சி இரவல் வாங்கிற்று. பாலு நேர்மையானவர், பட்ட அவமானங்கள் மெய்யானவை. ஆயினும் அந்தத் தேர்தலில் அவருடைய கீர்த்தி அவருடைய காரியத்துக்குப் பயன்படவில்லை. பிறர் காரியத்துக்குப் பயன்பட்டது. கூட்டு வாக்காளர் முறையின் நன்மையும் அபாயமும் இந்த ஒரு தேர்தலிலேயே வெளிப்பட்டுவிட்டன. எல்லோருடைய ஆதரவையும் தேடச் செய்வது நன்மை. எல்லோருக்கும் தொந்தரவில்லாதவராகப் பார்த்து நிறுத்தும் ஆசையைக் கட்சிகளுக்கு உண்டாக்குவது அபாயம்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் நம் தேசத்தில் உண்டு. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஹாக்கி கோஷ்டிக்குத் தலைவராயிருந்தவர் ஜெய்பால் சிங். சோட்டா நாகபுரியின் முண்டா வகுப்பில் பிறந்து ஆக்ஸ்போர்டில் படித்தவர், ஐ.சி.எஸ். உத்தியோகத்துக்குத் தேர்வாகியும் அதை விட்டவர். 1939-இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தம்மை ஒரு காட்டுவாசி என்று பெருமையுடன் சொல்லிக்கொண்டு, ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்தே கற்கவேண்டும் என்று எடுத்துரைத்தார். 1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பீகார் சட்டசபையில் முதன்மையான எதிர்க்கட்சியாயிற்று.

அவருடைய வாழ்விலும் குறையில்லாமல் இல்லை. 1963-இல் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்தார், கேட்ட தனி ராஜ்யம் கிடைக்கவில்லை, 1970-இல் காலமானார். ஆனால் அவர் விதைத்த கோரிக்கை சாகவில்லை. 2000 நவம்பர் 15-ஆந் தேதி ஜார்க்கண்ட் ராஜ்யம் உதயமாயிற்று. ஹாக்கிக் கட்டை அவருக்குச் சபையின் வாசலைக் காட்டியது. உள்ளே சென்றபின் அவர் பேசியது ஹாக்கியைப்பற்றியல்ல. பாலுவுக்கும் ஜெய்பாலுக்கும் உள்ள வேற்றுமை திறமையில் இல்லை, யோக்கியதையில் இல்லை. ஒருவருக்குப் பின்னால் கட்சி நின்றது. மற்றவருக்குப் பின்னால் அவருடைய ஜனங்கள் நின்றார்கள்.

வினேஷ் போகட்டின் வெற்றியையும் இந்தத் தராசிலேயே நிறுக்கவேண்டும். 2024-இல் பாரிஸில் நூறு கிராம் எடை கூடியதற்காக இறுதிப் போட்டியை இழந்த அனுதாபம் அவருக்குத் துணை செய்தது என்பது மெய்யே. ஆனால் அதற்கு முன், 2023-இல், வீராங்கனைகளின் மானத்துக்காக டில்லி ஜந்தர் மந்தர் வீதியில் அவர் உட்கார்ந்திருந்தார். வீதியில் எழுப்பிய குரலைச் சபையிலும் எழுப்புகிறாரா என்பதைக்கொண்டே அவரை மதிப்பிடவேண்டும்.

விழுப்புரம் ஜில்லாவுக்கு இந்தச் சரித்திரம் ஏட்டுச் சுரைக்காயல்ல. இந்த ஜில்லாவின் மேல்பாதி கிராமத்தில், தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலில் நுழைந்த தாழ்த்தப்பட்ட வகுப்பார் 2023 ஏப்ரலில் தடுக்கப்பட்டார்கள். ஜூன் மாதத்தில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டார்கள். நீதிமன்றப் படிகள் ஏறி, எல்லோரும் தரிசிக்கும்படி அது திறக்க 2025 ஏப்ரல் ஆயிற்று. பாலுவின் மண் குவளையைக் கேட்டு இரங்குகிறோமே, அந்தக் குவளை பூனாவில் உடைந்துபோகவில்லை; மேல்பாதியின் பூட்டாக நம் கண்முன் தொங்கியது!

இதே மண்ணில்தான் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் ராமசாமி ரெட்டியார் பிறந்தார். அவர் பந்தாட்டக்காரருமல்ல, நடிகருமல்ல, ஒரு விவசாயி. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாயிருந்தார். ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி ஒழிப்புச் சட்டமும், ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவருடைய மந்திரிசபைக் காலத்தில் நிறைவேறின. 1947-இல் எழுதிய சட்டத்துக்கு 2023-இல் ஓமந்தூராரின் ஜில்லாவிலேயே பூட்டுப் போடப்பட்டது என்றால், அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய பிரதிநிதிகளின் பொறுப்பு எவ்வளவு பெரியது! அதற்குக் கைதட்டல் வாங்கிய பெயர் போதாது. கைதட்டாதவர்களையும் எதிர்த்து நிற்கும் நெஞ்சம் வேண்டும்.

எனவே, நாளை ஒரு கபடி வீரரோ, கிரிக்கெட் வீரரோ, நடிகரோ விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வோட்டுக் கேட்டு வந்தால், வோட்டர்கள் அவரை அன்புடன் வரவேற்கட்டும், மாலையும் போடட்டும். பிறகு மூன்று கேள்விகள் கேட்கட்டும். ஐயா, உம்மைக் கட்சி தேடி வந்ததா, எங்கள் குறை உம்மைத் தேடி வந்ததா? எங்களில் பலமுள்ளவர்களுக்குக் கசக்கும் விஷயத்தில் நீர் எப்போதாவது வாய் திறந்ததுண்டா? கட்சியின் சொல்லும் எங்கள் நியாயமும் மாறுபடும் நாளில் எதன் பக்கம் நிற்பீர்?

தனித் தொகுதியில் இக்கேள்விகளை ஒதுக்கப்பட்ட வகுப்பார் மட்டும் கேட்டால் போதாது. அவர்கள் தனித்துத் தெரிந்தெடுக்கும் உரிமையை 1932-இல் விட்டுக்கொடுத்தது மற்ற வகுப்பாரின் நல்லெண்ணத்தை நம்பியே. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. தங்களுக்குப் பிடித்த முகத்தை அனுப்புவதல்ல, அவ்வகுப்பாருக்காக வாதாடக்கூடிய நாவை அனுப்புவதே மற்ற வோட்டர்களின் கடமை. இதை உணர்ந்து வோட்டளித்தால் பூனா ஒப்பந்தத்தில் பாலு இட்ட கையெழுத்துக்கு மதிப்பு உண்டாகும். உணராமற்போனால், மாலைகள் வாடுவதற்கு முன்பே ஏமாற்றம் வந்துசேரும்.