நிரப்பிய மண்ணுக்கு யார் பொறுப்பு?

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையின் தெற்குப் பக்கத் தெருக்களில் மண் அடிக்காத மனையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ரமணர் 1922-ல் மலையிலிருந்து இறங்கி அன்னையின் சமாதி அருகே தங்கியபோது இது ஊருக்கு வெளியே கிடந்த அடிவாரம். இன்று தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும், ஆந்திரம், தெலங்கானாவிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும் வருகிறவர்கள் மலை பார்த்த வீடு வேண்டுமென்று இங்கே மனை வாங்குகிறார்கள். பலருக்கு அது வாழ்நாள் சேமிப்பு. அவர்கள் திசை பார்க்கிறார்கள், சாலையின் அகலம் பார்க்கிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். காலுக்குக் கீழே புதிதாகக் கொட்டிய மூன்றடி, நான்கடி மண்ணைப் பற்றி விற்கிறவர் சொல்வதில்லை. வாங்குகிறவர் கேட்பதும் இல்லை.

அந்த மண்ணில் என்ன இருக்கிறது? சவுடு இருக்கும், கிராவல் இருக்கும், வேறெங்கோ கடைக்கால் தோண்டி எடுத்த களிமண் இருக்கும், இடித்த வீட்டின் செங்கல் துண்டும் சுண்ணாம்புச் சாந்தும் வேரோடும் பிளாஸ்டிக் பையோடும் சேர்ந்திருக்கும். ஒரே மனையில் நான்கு விதமான லோடு விழுவது சாதாரணம். ஒவ்வொரு மண்ணும் தண்ணீரை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும். களி மிகுந்தது மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். டிப்பர் கொட்டிவிட்டுப் போகும். ஜேசிபி பக்கெட்டின் முதுகால் நிரவும். மேலே வண்டி நாலு தடவை போய்வந்தால் மனை 'ரெடி'. அந்த ஓட்டத்தில் இறுகுவது மேலே உள்ள அரையடிதான். அதற்குக் கீழே இருப்பது கொட்டியபடியே கிடக்கிறது.

வீடு கட்டும்போதும் இதே கதை நடக்கிறது. பேஸ்மட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி, தண்ணீர் கட்டி விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் இறங்கினால் மண் தானாக அமுங்கிவிடும் என்ற நம்பிக்கை பல மேஸ்திரிகளிடம் இருக்கிறது. மணலுக்கு அது ஓரளவு பலிக்கும். களி கலந்த சவுடுக்குப் பலிக்காது. மேல்பகுதி சேறாகும், அடியில் காற்று இடைவெளி அப்படியே நிற்கும். திமிசுக் கட்டையால் அரையடிக்கு ஒருமுறை நனைத்து இடித்து ஏற்றிய பழைய கொத்தனார்களின் முறைதான் சரியானது. அதே வேலையைச் செய்யும் ராம்மர் இயந்திரம் இன்று நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அவசரத்தில் அதை விட்டுவிடுகிறோம்.

மண்ணை எவ்வளவு இடித்தால் போதும் என்ற கேள்விக்கு அளந்து சொல்லக்கூடிய விடை கிடைத்து ஏறத்தாழ நூறாண்டு ஆகப்போகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிநீர் தந்த செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச்சில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு மாற்றாக மண் அணை எழுப்பியபோது அந்நகரக் குடிநீர்த் துறைப் பொறியாளர் ரால்ப் பிராக்டர் தன் சோதனை முறையை வகுத்தார். 1933-ல் அதை வெளியிட்டார். எந்த மண்ணுக்கும் ஓர் அளவான ஈரம் உண்டு. அந்த ஈரத்தில் இடித்தால்தான் அது மிக நெருக்கமாக அமரும், கூடினாலும் குறைந்தாலும் அமராது என்பதே அவர் காட்டியது. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2720 என்ற வரிசையின் 7-ஆம் பகுதி அதே சோதனையைச் சொல்கிறது: 2.6 கிலோ எடையை 31 செ.மீ. உயரத்திலிருந்து, மூன்று அடுக்குகளில், அடுக்குக்கு 25 முறை போட வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கும் அந்த உச்ச அடர்த்தியில் களத்து மண் 95 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்று ஒப்பந்தங்களில் எழுதுவது வழக்கம்.

களத்தில் அதைச் சரிபார்ப்பது பெரிய வித்தையல்ல. 10 செ.மீ. விட்டமும் ஏறக்குறைய 13 செ.மீ. உயரமும் கொண்ட, ஒரு லிட்டர் கொள்ளும் இரும்பு உருளையை இடித்த அடுக்கில் அடித்து இறக்குவார்கள். சுற்றிலும் தோண்டி உருளையை முழுசாக எடுத்து, இரு முனையிலும் துருத்தும் மண்ணைக் கத்தியால் சீவி, எடை போடுவார்கள். கொஞ்சம் மண்ணை உலர்த்தி ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். எடையும் கொள்ளளவும் தெரிந்தால் அடர்த்தி தெரிந்துவிடும். கல் அதிகமுள்ள கிராவலில் உருளை இறங்காது; அங்கே குழி தோண்டி, அதை அளந்த மணலால் நிரப்பிக் கணக்கிடும் முறை இருக்கிறது. கருவியே இல்லாத இடத்திலும் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்தி உருண்டை பிடித்துப் பார்க்கலாம். பிடிக்கவே வராவிட்டால் ஈரம் போதாது. விரலில் சேறாக ஒட்டினால் அதிகம். இது சோதனைக்கு ஈடாகாது. ஆனால் வேலை நடக்கும் நேரத்தில் மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் இது கைகொடுக்கும்.

சோதிக்காத மண் என்ன செய்யும் என்பது முதல் பெருமழையில் தெரியும். உலர்ந்து கிடக்கும்போது தளர்ந்த மண்ணும் தாங்குவதுபோலத்தான் நிற்கும். நீர் புகுந்ததும் துகள்கள் வழுக்கி இடைவெளிகள் மூடிக்கொள்ளும். நான்கடி நிரவலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அமுங்கினாலே தரை ஏறக்குறைய இரண்டரை அங்குலம் இறங்கும். தூண்கள் பழைய கெட்டி மண்வரை போயிருந்தால் வீடு நின்றுவிடும். நிரப்பிய மண்மேல் உட்கார்ந்திருக்கும் தரையும் வாசற்படியும் போர்ட்டிகோவும் சுற்றுச்சுவரும் நிற்காது. டைல்ஸைத் தட்டினால் அடியில் வெற்றோசை கேட்கும். சுவரோரம் விரல் நுழையும் சந்து விழும். கழிவுக் குழாய் இணைப்பு விட்டுப்போய், அந்தத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கி இன்னும் இளக்கும்.

இது பண நட்டத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹாங்காங்கின் சாவ் மாவ் பிங் குடியிருப்பில் 1972 ஜூன் 18 அன்று பெருமழையில் நிரப்பு மண் சரிவு ஒன்று சரிந்து 71 பேர் இறந்தார்கள். 1976 ஆகஸ்டில் அதே பகுதியில் மீண்டும் ஒரு சரிவு, 18 பேர். இறுக்காமல் கொட்டி உயர்த்திய மண் நீரை உறிஞ்சிக் குழம்பாக ஓடியதுதான் காரணம் என்று வல்லுநர் குழு கண்டது. மறு ஆண்டே அங்கே மண் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அரசு அலுவலகம் பிறந்தது. பழைய நிரப்பு மண் சரிவுகளின் மேற்புறம் 3 மீட்டரைத் தோண்டி எடுத்து, அடுக்கடுக்காக மறுபடி இறுக்கினார்கள். முதலில் செய்யாத வேலையை, 89 உயிருக்குப் பிறகு செய்தார்கள்.

நம் ஊரிலும் 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலையின் கிழக்கு அடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் உருண்டு ஒரு வீடு புதைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அது மலைச்சரிவு, மனைக்கு அடித்த மண் அல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது சரியல்ல. ஆனாலும், மலையிலிருந்து நீர் எவ்வளவு வேகமாக வரும், மண்ணை என்ன பாடுபடுத்தும் என்பதை நேரில் பார்த்துவிட்ட ஊர் இது. தென்சரிவில் விழும் மழையும் தாழ்ந்த நிலத்தையும் சமுத்திர ஏரிப் பக்கத்தையும் தேடித்தான் போகும். அந்த வழியில்தான் நாம் தெருத் தெருவாக மண் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

மட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒருவர் மனையை இரண்டடி உயர்த்துகிறார். தண்ணீர் அடுத்த மனைக்குப் போகிறது. அவர் மூன்றடி உயர்த்துகிறார். பிறகு சாலை போடுகிறார்கள், அதுவும் உயர்கிறது. சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021-ல் அறிவுறுத்தியது இதற்காகத்தான். பத்து வருடத்துக்கு முன் சரியான உயரத்தில் கட்டிய பழைய வீட்டுக்காரர், ஒரு தப்பும் செய்யாமல் பள்ளத்துக்குள் போய்விடுகிறார். மனைக்கு மனை தனித்தனியாக மட்டம் முடிவு செய்யும் வரை இந்தப் போட்டி ஓயாது. தெரு முழுவதற்கும் ஒரே மட்டக் குறியீடும், நீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்ற வாட்டமும் லேஅவுட் போடும்போதே முடிவாக வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். புரோமோட்டர் 'மண் அடித்துத் தந்தேன், வீடு கட்டுவது உங்கள் இன்ஜினீயர்' என்பார். இன்ஜினீயர் தூணுக்குக் கணக்குப் போட்டிருப்பார்; நிரவல் மேஸ்திரியின் வேலை. மேஸ்திரிக்கு ராம்மர் வாடகையும் கூடுதல் ஆளும் எஸ்டிமேட்டில் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் திட்டத்தில் 2,500 சதுர அடி மனை வரை, 3,500 சதுர அடி வீடு வரை கள ஆய்வின்றி உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்கள் அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம் அது. அதே சமயம், அரசு வந்து பார்க்காத இடத்தில் மண்ணைப் பார்க்கும் கடமை நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதன்கீழ் வரும் திட்டங்களில் ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் புரோமோட்டரே கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. உரிமை இருக்கிறது. ஆனால் மண் எப்படி நிரப்பப்பட்டது என்பதற்குத் துண்டுக் காகிதம்கூட இல்லாதபோது, வாங்கியவரால் குறையை நிறுவ முடியாது. நேர்மையாக வேலை செய்த புரோமோட்டரால் தன் பக்கத்தையும் நிறுவ முடியாது.

அதனால் இதில் எதிரெதிர் கட்சிகள் இல்லை. அடுக்குக்கு அடுக்கு எடுத்த சோதனை முடிவும், மண் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும், மனையின் பழைய மட்டமும் புதிய மட்டமும் ஒரு தாளில் எழுதப்பட்டுப் பத்திரத்தோடு கைமாறினால் எல்லாருக்கும் நல்லது. 2024 ஆகஸ்டில் மாநகராட்சியான திருவண்ணாமலை, லேஅவுட் அனுமதியோடு இந்தத் தாளையும் கேட்கத் தொடங்கலாம். மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் மண் ஆய்வகமும் மாணவர்களும் உண்டு. குறைந்த கட்டணத்தில் சோதித்துத் தர அவர்கள் முன்வரலாம். கட்டடப் பொறியாளர்கள் தங்கள் எஸ்டிமேட்டில் மண் இறுக்குவதைத் தனி வரியாக எழுதலாம். எழுதினால்தான் மேஸ்திரி கூலி கேட்க முடியும். ஆசிரமங்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் அடுத்த கட்டடத்திலேயே இதைச் செய்து காட்டினால் ஊர் பின்தொடரும். மொட்டையாகக் கிடந்த மலையில் மரம் நட்டு, கோடைத் தீயைத் தடுத்து, பல ஆண்டுகள் உழைத்துப் பச்சை கொண்டுவந்தது இதே ஊரின் தன்னார்வலர்கள்தான். அவர்களோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது சிறிய வேலை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தப் பேச்சை ஒவ்வொரு தெருவும் தொடங்கட்டும். ரமணாசிரமப் பகுதியில் மனை வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: இங்கே எத்தனை அடி மண் அடித்தீர்கள், எங்கிருந்து கொண்டுவந்தீர்கள், இறுக்கிச் சோதித்த ரிப்போர்ட் எங்கே? பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.