பள்ளத்தாக்கின் அடியில் ஒரு குழாய்

கிராண்ட் கேன்யனைப் பற்றிய பயணக் கட்டுரைகளை நாம் விரும்பிப் படிப்பதுண்டு. பாறைகளின் நிறம், அந்தி வெயில், மனிதன் எத்தனை சிறியவன் என்னும் வியப்பு யாவும் அவற்றில் இருக்கும். எழுதியவர் தங்கிய விடுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இராது. அதைச் சிறு விடுபடலாக நம்மால் கருத இயலவில்லை.

தெற்கு விளிம்பில் தண்ணீர் அரிது. தொடக்கத்தில் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பின்னர் 1960களில், வடக்கு விளிம்புக்குக் கீழேயுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே பன்னிரண்டரை மைல் நீள அலுமினியக் குழாயைப் பதித்தனர். வேலை முடியுமுன்பே 1966 டிசம்பர் வெள்ளம் அதைச் சிதைத்தது. 1970இல்தான் பணி நிறைவுற்றது. 2010க்குப் பிறகு மட்டும் 85 முறைக்கு மேல் அக்குழாய் பெரிதாக உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு இறுதியில் அடுத்தடுத்து நேர்ந்த உடைப்புகளால் தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதே நிறுத்தப்பட்டது. இருபது கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில் மாற்றுப் பணி 2023இல் தொடங்கியது. இனி ஃபாண்டம் ராஞ்சுக்கு அருகே, பிரைட் ஏஞ்சல் ஓடையிலிருந்தே நீர் எடுப்பது திட்டம். பாறை சரியும் பகுதியில் பராமரிக்க வேண்டிய குழாயின் நீளம் அதனால் குறையும்.

காப்பிடத்தில் குழாய் எதற்கு என்று கேட்கும் இயற்கை அன்பர்களோடு நாம் உடன்படவில்லை. தண்ணீர் நின்றால் கழிப்பறைகளும் நிற்கும். ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் வருமிடத்தில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஊரில் 1926ஆம் ஆண்டிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைகளுக்கும் புல்தரைக்கும் பயன்படுத்தினார்கள். தட்டுப்பாடு அவர்களுக்குக் கற்பித்த ஒழுக்கம் அது.

நமது அச்சம் வேறு. குழாய் உறுதியானதும் அந்த ஒழுக்கம் தளருமோ என்பதே அது. வருவோர் தொகைக்கேற்ப நீர் எடுப்பதா, எடுக்கத்தகும் நீருக்கேற்ப வருவோரை அனுமதிப்பதா? இரண்டாவதே முறை என்போம். வரம்பிட்டால் எளியோர்க்குக் கதவடைப்பாகும் என்பர். ஆனால் கொலராடோ ஆற்றில் சொந்தமாகப் படகு செலுத்த விரும்புவோர்க்கு அங்கே குலுக்கல் முறை ஏற்கெனவே உண்டு. குலுக்கலுக்குப் பணக்காரரைத் தெரியாது. விளிம்பின் விடுதி அறைகளுக்கும் அத்தகைய வரம்பு வரட்டும்.

இன்னொன்றும் உண்டு. தெற்கு விளிம்புக்கு நீரேற்றும் இடம் முன்பு இந்தியன் கார்டன் எனப்பட்டது. அங்கே பயிரிட்டு வாழ்ந்த ஹவாசுபாய் மக்கள், தேசியப் பூங்கா அமைந்தபின் வெளியேற்றப்பட்டனர். 2022இல் அவ்விடத்துக்கு அவர்கள் பெயரே சூட்டப்பட்டது. பெயரைத் திருப்பித் தந்தவர்கள், நீரைப் பற்றிய முடிவுகளிலும் அவர்களுக்கு இடம் தர வேண்டும்.

அடுத்த முறை அப்பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப்போகும் நண்பர்கள், அந்தி வெயிலுக்குப் பிறகு ஒரு பத்தியேனும் அந்தக் குழாய்க்கும் ஒதுக்கட்டும்.