ஏற்காட்டில் ஒரு வீடு

போன கோடை லீவில் ஏற்காடு போயிருந்தோம். ஏரிக்கரையில் நின்று கொண்டிருந்த என்னவர், "இங்கே நமக்குன்னு ஒரு சின்ன வீடு இருந்தா எப்படி இருக்கும்!" என்றார். எனக்கும் ஆசைதான். சேலத்து வெயிலில் வேகிற யாருக்குத்தான் இருக்காது?

ஊர் திரும்பியதும் விசாரித்தோம். வீட்டு விலை 25 லட்சம். பேங்கில் 20 லட்சம் கடன் கிடைக்கும் என்றார்கள். "மீதி 5 லட்சம்தானே" என்று சந்தோஷப்பட்டார் இவர். நான் பென்சிலை எடுத்தேன். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். அதற்கே 2,25,000 ரூபாய் ஆகிறது. அது கைக்காசுதான்.

அடுத்தது தவணை. 9 சதவிகித வட்டியில் 20 வருஷத்துக்கு மாதம் சுமார் 18,000 ரூபாய். கடைசியில் கட்டி முடிப்பது 43 லட்சத்துக்கு மேல்! "வருமான வரியில் சலுகை இருக்கே" என்றார். பழைய வரித் திட்டத்தில், நாமே வைத்துக் கொள்ளும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே வட்டிக் கழிவு வருஷத்துக்கு 2 லட்சம்தான். புதிய திட்டத்தில் அதுவும் கிடையாது.

கடன் மனுவில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சாட்சிக் கையெழுத்து இல்லை, சகோதரிகளே! நானும் கடன்தாரர். அவரால் முடியாமல் போனால் பாக்கி முழுவதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் காபியோடு சொன்னேன்: "ஆறு மாசம் ஒத்திகை பார்ப்போம். கடன் வாங்கிட்டதா நினைச்சு, மாசா மாசம் 18,000 ரூபாயைத் தனிக் கணக்கில போடுவோம்."

மூன்று மாதம் சமாளித்தோம். நாலாவது மாதம் பெண்ணின் காலேஜ் ஃபீஸும், மாமியாரின் கண் ஆபரேஷனும் சேர்ந்தே வந்தன. தவணை போடவில்லை, போட்டதிலிருந்தும் எடுக்க வேண்டியதாயிற்று. நிஜக் கடனாக இருந்திருந்தால்?

பாஸ்புக்கை மூடி வைத்து, "பாப்பா படிப்பு முடியட்டும்" என்றார். அவர் முகம் வாடியதில் எனக்கும் வருத்தம்தான்.

உங்கள் ஒத்திகை தேறிவிட்டால் தாராளமாக வாங்குங்கள். 30 வருஷத்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மலைப்பகுதியாக இருந்தால் கட்டிட அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கையில் நாலு காசு சேரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பேங்க் உங்கள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டுமென்று 2023-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

எங்கள் தனிக் கணக்கை மூடவில்லை. மாதம் 5,000 ரூபாய் போகிறது. இந்தக் கோடைக்கும் ஏற்காட்டில் இரண்டு நாள் வாடகை அறைதான். ஏரி என்னவோ அதே ஏரிதானே!