யாவும் கற்பனையா?

நம் ஞாயிறு இதழ்களில் சிறுகதை முடிந்ததும் அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள் நிற்கும்: யாவும் கற்பனை. பதுளைப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடமொன்றில் இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் எனக்கு, அந்த இரண்டு சொற்களைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. பெரும்பாலும் அது பொய். ஒன்றில் அயல்வீட்டுக்காரரை அப்படியே தூக்கிக் கதைக்குள் வைத்திருப்பார்கள். அல்லது எவரையுமே பார்க்காமல் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் கற்பனைக்கு வேலையே இல்லை.

என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் வீட்டில் நடந்த துயரத்தை எங்கள் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் கதையாக்கினார். பெயரை மட்டும் மாற்றினார். லயத்தின் இலக்கம், தகப்பனின் நொண்டல், வாசலில் நின்ற கொய்யாமரம் எல்லாம் அப்படியே இருந்தன. இதழ் வந்த மறுநாள் பஸ்ஸிலேயே அவளைக் கதையில் வந்த பெயரால் கூப்பிட்டார்கள். அதன் பின்னர் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. எழுதியவரிடம் கேட்டேன். "அதுதான் யாவும் கற்பனை என்று போட்டிருக்கிறதே, மாஸ்டர்" என்றார்.

இத்தகைய கதைகளுக்குப் பயந்து நம்மவர் சிலர் மறுகோடிக்கு ஓடுகிறார்கள். உள்ள மனிதரைக் கதைக்குள் கொண்டுவருவதே புறம் பேசுவதாகும் என்று இலக்கியக் கூட்டமொன்றில் ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். புறம் பாவம்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் புறம் என்பது, இன்னாரைப் பற்றித்தான் பேச்சு என்று கேட்பவன் அறியும்படி பேசுவது. அந்தப் பிள்ளையைப் பற்றிய கதை அசல் புறம். அதற்காக மனிதரைப் பார்ப்பதையே விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? கூடை சுமந்த அழகி, குடிகாரப் புருஷன், கடன் கொப்பியைக் கிழித்தெறியும் தர்மவான் கடை நானா. அப்படியொரு கதையை வகுப்பில் வாசித்தேன். நாயகி அந்திசாயப் பாடிக்கொண்டே கொழுந்தெடுக்கிறாள். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அந்த அக்காவுக்கு அன்னைக்கி முழுப்பேரா, அரைப்பேரா?" வகுப்பே சிரித்தது. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம்தான் என்பதை அந்தப் பிள்ளைகள் பால்குடி நாளிலிருந்து அறிவார்கள். கதாசிரியருக்கு அரைப்பேர் என்ற சொல்லே தெரியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பின்னர் நான் வாசித்த கதைகளிலும் இதே கோலம்தான். எல்லாத் தாய்மாருக்கும் ஒரே முகம், ஒரே ஒப்பாரி.

கடை நானாவுக்கு வருகிறேன். அவர் நமக்குத் தூரத்து ஆள் அல்லர். பசறையிலும் லுணுகலையிலும் ஹாலி-எலவிலும் தோட்டத்துச் சனத்துக்கு மா, சீனி கடன் கொடுத்த மனிதர் நம் வாப்பா, நம் மாமா. மையித்து விழுந்த வீட்டுக்குக் காசு கேட்காமல் சாமான் அனுப்பிய அதே கைதான் அந்த வீட்டுக்காரியின் தோட்டை அடகு பிடித்து வைத்திருந்தது. மலையகத்து எழுத்தாளர்கள் பலர் அடகு பிடித்த கையை மட்டும் எழுதினார்கள். நாம் சாமான் அனுப்பிய கையை மட்டும் எழுதுகிறோம். இரண்டும் ஒரே ஆளின் கைகள் என்று எழுத நம்மை விட்டால் வேறு யாருக்கு வாய்க்கும்?

இந்தக் கூச்சம் நமக்கு ஆதியிலேயே உண்டு. கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்திலெப்பை 1885இல் 'அசன்பே சரித்திர'த்தை எழுதினார். முன்னோடிப் பணி, தலைவணங்குகிறேன். எனினும் அவருடைய நாயகன் எகிப்தில் பிறந்து பம்பாயில் வளர்கிறான். நீதிமன்ற வாசலில் தினமும் கண்ட கண்டிச் சனத்தில் ஒருவருக்கேனும் அந்த இடத்தை அவர் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து வாசகருக்கு அற்புதச் சம்பவங்கள் தேவைப்பட்டன என்று சமாதானம் சொல்லலாம். இன்றைக்கு நமக்கு என்ன சமாதானம்?

நம் ஊவா மண்ணிலேயே வழி இருக்கிறது. தெளிவத்தை ஜோசப் 1934இல் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். 2022இல் மறைந்தார். ஒற்றைக் காம்பராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்தெழும்பும் குடும்பத்தின் வெட்கத்தை அவருடைய 'மீன்கள்' சொல்கிறது. அது எந்த வீடு என்று எவரும் விரல் நீட்ட முடியாது. ஆனால் லயத்தில் வாழ்ந்த எவரும் அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வந்தது. அதில் வரும் வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளியைக் குமரிக் கரையைக் கண்ணால் கண்டிராத நான், எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் முன் வரிசையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒருவரின் நடை, இன்னொருவரின் பேச்சு, மூன்றாமவரின் கடன், எழுதுகிறவனுடைய சொந்தப் பயம். இவற்றைப் பிசைந்து ஓர் ஆளை உண்டாக்கினால் ஊரில் எவருடைய மானமும் போகாது. அந்தப் பிசைதலுக்குப் பெயர்தான் கற்பனை. அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். நம்மவரோ வெள்ளிக்கிழமை எழுதி அடுத்த ஞாயிறே அச்சில் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

பத்திராதிபர்களே, அந்த இரண்டு சொற்களையும் இனி அச்சிடாதீர்கள். எழுதும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வேலை தருகிறேன். நம் வீட்டுப் பரண்களில் பழைய கடன் கொப்பிகள் இன்னும் சில கிடக்கின்றன. ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, பெயர்களைக் கடதாசியால் மூடிக்கொண்டு மற்றதை வாசியுங்கள். எந்த மாதம் மா இரட்டிப்பாகியிருக்கிறது, எந்த மாதம் சீனி நின்றுபோயிருக்கிறது, எந்தத் திகதியில் வெள்ளைத் துணியும் சாம்பிராணியும் வாங்கியிருக்கிறது, எந்தக் கணக்குக்கு மேலே "தோடு ஒரு சோடி" என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.